பெட்டி இறங்கிய வீடு

வீட்டை விற்பது என்று முடிவானதும் பூட்டுக்காரர் செய்த முதல் காரியம், வாங்க வந்த நர்ஸ் நிஜமாகவே நர்ஸ்தானா என்று பார்த்து வர ஆஸ்பத்திரிக்குப் போனதுதான். வெள்ளை உடுப்பை யார் வேண்டுமானாலும் தைத்துப் போட்டுக்கொள்ளலாம். வயிற்றுவலி என்று சீட்டு எழுதிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது. எழுந்து நழுவுவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இல்லாத வலிக்கு ஓர் ஊசி வாங்கிக்கொண்டு, இடுப்பைத் தேய்த்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் மனைவி.

"நர்ஸ்தான்," என்றார் அவர்.

பூட்டு விற்கிறவனுக்கு உலகத்தில் பாதிப்பேர் திருடர்களாகத் தெரிவார்கள். இவருக்கு மீதிப் பாதியும் சந்தேகம். பால்காரன் அளந்து ஊற்றினால் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்ப்பார். கடை பூட்டி நாலடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்; தெருமுனை போய் இன்னொரு தரம் வந்து இழுப்பார். படிப்பு அதிகம் கிடையாது. எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. "ஒருத்தன் ஏமாத்துவான், ரெண்டு பேர் கூட்டு சேருவாங்க, மூணு பேர் சேர்ந்தா பங்கு பிரிக்கிறதுல சண்டை வந்துரும்" என்பது அவர் கண்ட ஞானம்.

அப்படி மூன்று பேர் படித்துக் காட்டிய வீட்டுப் பத்திரம் உள்ளறையில் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. ஆள் உயரத்தில் முக்கால் இருக்கும் பெட்டி. கதவு கனமே ஒரு கன்றுக்குட்டி கனம். பூட்டு அவரே செய்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு வீட்டில் கனம் இருந்ததால் வெளியே எங்கும் போகப் பிடிக்காது. அதனாலேயே, மகள் இருக்கும் ஊருக்குப் போவது என்ற பேச்சைப் பல காலம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தார். ஆனால் போன வருஷம் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மகள் பஸ்ஸில் வந்து வந்து போய் இளைத்துவிட்டாள். கடைசியில் தன் வீட்டை ஒட்டியே தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். இந்த வீடு விற்றால் அந்த வீடு. மனைவி வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஊன்றுகோலை வாசல் பக்கம் பார்த்து சாய்த்து வைக்க ஆரம்பித்திருந்தாள். அதைவிட வாய் திறந்து கேட்டிருக்கலாம்.

நர்ஸும் லேசுப்பட்டவள் இல்லை. வீடு பிடித்திருக்கிறது என்று சொன்ன மறுவாரமே ஒரு வக்கீலம்மாவை ஸ்கூட்டரில் அனுப்பிவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே. உங்களுக்கு முன்னால் இந்த இடம் யாருடையது, அவருக்கு முன்னால் யார், கடன் உண்டா, கோர்ட்டில் வழக்கு உண்டா, வரி பாக்கி உண்டா, சாக்கடை யார் நிலத்தின் அடியில் போகிறது, தெருவை அகலப்படுத்தப் போகிறார்களா.

"பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க," என்றார் பூட்டுக்காரர்.

"அவங்க சரியா விசாரிச்சிருந்தா எனக்கு பாதி கேஸ் வந்திருக்காது ஐயா."

அவருக்கு அந்தப் பதில் பிடித்தது. நம்பாத மனுஷியை அவரால் நம்ப முடிந்தது. பெட்டியைத் திறந்து பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். வக்கீலம்மா பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தார், நகராட்சியில் வரி பார்த்தார், கோர்ட்டில் வழக்கு பார்த்தார். எல்லாம் சுத்தம். நல்லெண்ணெய் விட்டுத் துடைத்த பூட்டு மாதிரி ஒரு துருவும் இல்லை.

"இனி நேரில ஒரு தடவை எல்லை பார்த்துட்டா முடிஞ்சது," என்று நர்ஸையும் கூட்டிக்கொண்டு ஒரு காலை வந்து சேர்ந்தார்.

பூட்டுக்காரர் வாசலில் நின்றார். மனைவி நிலைப்படிக்கு உள்ளே நாற்காலியில். நர்ஸ், "ஐயா, வயித்துவலி சரியாப் போச்சா?" என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"என்னை விசாரிக்கத்தான் வந்தீங்கன்னு தெரியும். ஊசியைக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொன்னதே நான்தான்."

வக்கீலம்மா தெருவில் நின்று பத்திரத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். "கிழக்கே தெரு. இருக்கு. மேற்கே வாய்க்கால். இருக்கு. வடக்கே கிடங்குச் சுவர்..."

தலையைத் தூக்கிப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வடக்கே இருந்தது பூட்டுக்காரருடைய தம்பியின் வீடு. கிடங்குச் சுவர் அதற்கும் அந்தப் பக்கம்.

"தெற்கே, தம்பியின் வீடு."

தெற்கே சந்து. சந்தில் ஒரு நாய் படுத்திருந்தது. தன்னை யாரோ தம்பி வீடு என்று சொன்னதுபோல அது ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

வக்கீலம்மா காகிதத்தைத் திருப்பிப் பிடித்தார். "ஐயா, இங்க சூரியன் எந்தப் பக்கம் உதிக்குது?"

"எல்லா ஊர்லயும் உதிக்கிற பக்கம்தான்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. தம்பி வீட்டு வாசல் வரை நடந்து போய், அங்கே நின்று மறுபடி நான்கு எல்லையையும் படித்தார். வடக்கே கிடங்குச் சுவர் இருந்தது. தெற்கே அடுத்த வீடு இருந்தது. திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார். "இந்தப் பத்திரம் நீங்க நிக்கிற வீட்டுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்கு."

பூட்டுக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "மூணு பேர் படிச்சுக் காட்டின பத்திரம்மா அது."

"சரியாத்தான் படிச்சிருக்காங்க. பத்திரத்துல தப்பே இல்லை. நீங்கதான் வீடு மாறி இருக்கீங்க."

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள், "பெட்டி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெட்டிதாங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. சிரித்துச் சிரித்துப் பேசிய கதை அது. கதையாகவே வைத்திருந்ததால் காரியமாக அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளை வாங்கினார்கள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே சன்னல், ஒரே கதவு. கிடங்குப் பக்கம் இருப்பது அண்ணனுக்கு, சந்துப் பக்கம் இருப்பது தம்பிக்கு. குடிவந்த அன்று லாரி சந்துமுனையில் நின்றது. பூட்டுக்காரர் லாரிக்குப் பின்னால் நின்று, எவனும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் சாமான்களுக்குக் காவல் இருந்தார். அந்த நேரத்தில் கூலி ஆட்கள் இரும்புப் பெட்டியைப் பக்கத்தில் இருந்த வாசலுக்குள் கொண்டுபோய் உள்ளறையில் இறக்கிவிட்டார்கள். அது தம்பியின் வீடு. மாற்றி வைக்கச் சொன்னதற்கு ஆட்கள் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெட்டியைத் தூக்குறதுக்கு வீட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது சுலபம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

தம்பி பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னான். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே. பெட்டி இறங்கின வீடு உனக்கு. நான் கிடங்குப் பக்கம் போறேன். எலி எனக்குப் பழகினதுதான்."

ஆயிற்று. பிறகு நகராட்சிக்காரன் வந்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, கதவில் எண் அடித்துவிட்டுப் போனான். வரிச்சீட்டு அவரவர் இருக்கும் வீட்டுக்கு வந்தது. மின்சாரமும் அப்படியே. பூட்டுக்காரர் மேலே ஓர் அறைகூடக் கட்டினார். பத்திரம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. யாரையும் நம்பாத மனுஷன், பூட்டுக்குப் பூட்டு போட்ட மனுஷன், வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் வெறும் வாய்வார்த்தையில் ஒரு வீட்டையே கைமாற்றியிருக்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே.

"காகிதப்படி நீங்க உங்க தம்பி வீட்ல இருக்கீங்க. அவர் உங்க வீட்ல இருக்கார்," என்றார் வக்கீலம்மா. "பரிவர்த்தனைப் பத்திரம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மாத்தி எழுதிக்கலாம். கஷ்டமான காரியம் இல்லை. அவர் சம்மதிக்கணும், அவ்வளவுதான்."

வக்கீலம்மாவுக்கு அது அவ்வளவுதான். அந்தத் தம்பியோடு பூட்டுக்காரர் பேசி மாமாங்கம் ஆகியிருந்தது.

நர்ஸ் தயங்கினாள். "எனக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு ஐயா. ஆனா இன்னொருத்தர் வீட்டை உங்ககிட்ட வாங்க முடியாதில்ல. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குமேல பேங்க்ல எனக்குத் தர்ற கடன் நிக்காது. வேற வீடு பார்க்க வேண்டியதுதான்."

அவர்கள் போன பிறகு மனைவி ஊன்றுகோலை எடுத்துத் தன் பக்கமாக, உள்ளே பார்த்தபடி சாய்த்து வைத்தாள்.

அண்ணன் தம்பி சண்டை என்றால் வேலி, வரப்பு, வாய்க்கால் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. தம்பி வெல்டர். சொந்தப் பட்டறை வைத்திருந்தான். அவன் செய்யும் இரும்புக் கதவுகளுக்கு இவர் பூட்டு. கதவு தம்பி, பூட்டு அண்ணன் என்று கடைவீதியே சொல்லும். தம்பியின் மனைவிக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று வந்தபோது அவன் அண்ணனிடம் கடன் கேட்டு வந்தான். நின்றுகொண்டே கேட்டான். பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. பூட்டுக்காரர் சொன்னார்: "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. உனக்கும் வீடு இருக்கில்ல? பத்திரத்தை பேங்க்ல வை. கூடப்பிறந்தவன் மடியை எதுக்குத் தடவுறே?"

மடியைத் தடவுவது என்ற சொல் மட்டும் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் மறந்து போயிருக்குமோ என்னவோ. தம்பி பத்திரத்தை வைக்கவில்லை. பட்டறையை விற்றான். வாங்கினவனிடமே, அதே பட்டறையில், தினக்கூலிக்கு நின்றான். மனைவி பிழைத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. நடுவில் ஒரே சுவர். தம்பி இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இவர் பெட்டியைத் திறந்தால் அந்தப் பக்கம் கேட்கும். பூட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றே சொல்வார்: "வீட்டை வைக்க மனசு வரலை. பட்டறையை வித்துட்டு, அண்ணன் கைவிட்டான்னு பேர் மட்டும் எனக்கு."

இப்போது அவர் மனம் பழைய தடத்திலேயே ஓடியது. தம்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. திட்டம் போட்டுத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். மேலே அறை கட்டும்போது சுவர் இடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கட்டட்டும், எனக்குத்தானே கட்டுகிறான் என்று படுத்திருப்பான்.

"பெட்டியைத் தூக்கின ஆளுங்களையும் அவர்தான் ஏற்பாடு பண்ணினாரா?" என்றாள் மனைவி.

"இருக்கலாம்."

"லாரியை?"

"நீ யார் பக்கம்?"

"நான் இடுப்பு உடைஞ்சவ. எந்தப் பக்கம் சாய முடியுமோ அந்தப் பக்கம்."

இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தம்பி ஆபரேஷன் சமயத்தில் அந்தப் பத்திரத்தை எங்காவது வைத்துக் கடன் வாங்கியிருந்தால்? பட்டறையை விற்றது ஊருக்குக் காட்டத்தான். பத்திரத்தையும் சேர்த்து வைத்திருப்பான். கழுத்துவரை தண்ணீர் வந்தவன் சும்மா இருப்பானா? தான் அந்த இடத்தில் இருந்தால் கட்டாயம் வைத்திருப்போம் என்று பூட்டுக்காரருக்குத் தெரியும். அதனால்தான் பயம் அவ்வளவு உறுதியாக இருந்தது. வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார்.

"அவன் பேர்ல இருக்கிற பத்திரத்துக்கும் வில்லங்கம் பாருங்கம்மா. கட்டாயம் ஒண்ணு மாட்டும்."

"அதைப் பார்க்காம மேல போக முடியாது ஐயா. ஏற்கனவே மனு போட்டாச்சு."

அடுத்த வாரம் வக்கீலம்மா கடைக்கே வந்தார். பூட்டுக்காரர் ஒரு சாவிக்குப் பல் அராவிக்கொண்டிருந்தார். அரத்தை நிறுத்தாமல், "எவ்வளவு தூரம் மாட்டியிருக்கு?" என்றார்.

"ஒண்ணுமே இல்லை."

"ஒண்ணுமே இல்லைன்னா?"

"வாங்கினதுதான் கடைசிப் பதிவு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்த இடத்துமேல ஒரு கீறல் விழலை. அடமானம் இல்லை, ஜப்தி இல்லை, விற்பனை பேசினதுகூட இல்லை. இவ்வளவு சுத்தமா நான் அதிகம் பார்த்ததில்லை."

அரம் நின்றது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அவன் பேங்க்ல வச்சு, கட்ட முடியாமப் போயிருந்தா, பேங்க்காரன் எந்த வீட்டைப் பூட்டுவான்?"

"பத்திரத்துல இருக்கிற வீட்டை. சந்துப் பக்கம் இருக்கிறதை." வக்கீலம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "உங்க வீட்டைத்தான் ஐயா," என்றார்.

அவர் போன பிறகும் பூட்டுக்காரர் அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வந்த வாடிக்கையாளரைப் பிறகு வரச் சொன்னார். பத்திரத்தை பேங்கில் வை என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. தன் தலைக்கு மேலே இருந்த கூரையை எடுத்துக்கொண்டு போய் அடகு வைக்கச் சொல்லித் தானே தம்பியைத் துரத்தியிருக்கிறோம். அவன் போகவில்லை. இத்தனை வருஷம் எல்லோரிடமும் குற்றமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான்: வீட்டை வைக்க மனசு வரலை.

மனசு வரவில்லை. யாருடைய வீட்டை?

வெயில் இறங்குவதற்கு முன்பே கடையைப் பூட்டினார். தெருமுனை தாண்டின பிறகுதான், இழுத்துப் பார்க்கவே இல்லை என்று உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

தம்பி வேலையிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தான். கையில் கரி. கண் ஓரங்கள் வெல்டர்களுக்கு இருப்பதுபோல் எப்போதும் சிவந்தே. கதவில் தொங்கிய பூட்டு பூட்டுக்காரர் செய்தது. புதிதாக எண்ணெய் போட்டிருந்தது. அதை முதலில் பார்த்தார். தம்பியைப் பிறகு பார்த்தார்.

"பூட்டு ஒழுங்கா இருக்கா?" என்றார்.

இத்தனை காலம் கழித்துப் பேசும் முதல் பேச்சு அது என்பது வாயை விட்டுப் போன பிறகுதான் தெரிந்தது.

தம்பி துண்டில் கையைத் துடைத்தான். "அது ஒழுங்காத்தான் இருக்கு. செஞ்சவரைப் பத்தி எனக்குத் தெரியாது."

உள்ளேயிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "வாசல்ல நிக்கவச்சுப் பேசாதீங்க," என்று கணவனிடம் சொல்லி, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். பூட்டுக்காரர் உட்கார்ந்தார். முக்காலியும் இரும்பு. தம்பி செய்தது. மூன்று காலும் தரையில் பதிந்து நின்றது, ஆடவில்லை.

வக்கீலம்மா சொன்னதையெல்லாம் சொன்னார். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. வடக்கே, தெற்கே என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். தம்பி இடையில் ஒன்றும் கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்," என்றார் பூட்டுக்காரர்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ பேங்க்ல வைன்னு சொன்னே இல்ல? போனேன். அங்க ஒரு ஆள் பத்திரத்தைப் படிச்சுட்டு, தெற்கே சந்து இருக்கிற வீடுதானே, நாளைக்கு வந்து பார்க்கிறோம்னான். சந்து உன் பக்கம். அப்பத்தான் எனக்கே மண்டையில ஏறுச்சு. பத்திரத்தைக் கொடுங்க சார்னு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்."

"வச்சிருக்கலாமே. உன் பேர்லதானே இருந்துச்சு."

"அவ பிழைக்கிறாளா இல்லையான்னே தெரியாத நேரம். கட்ட முடியுமா முடியாதான்னு யாருக்குத் தெரியும்? நான் தெருவுக்குப் போனா போகட்டும். அண்ணியை எதுக்கு இழுத்துட்டுப் போகணும்?"

அண்ணியை என்றான். உன்னை என்று சொல்லவில்லை. பூட்டுக்காரர் அதைக் கவனித்தார். நியாயம்தான் என்று பட்டது.

"அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, அப்பவே மாத்தி எழுதியிருக்கலாம். உன் பத்திரம் உனக்கு வந்திருக்கும். நீ பேங்க்ல வச்சிருக்கலாம். பட்டறை தப்பியிருக்கும்."

தம்பி முதல் தடவையாகச் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "சொன்னா நம்பியிருப்பியா? பணம் கேட்டு வந்தவனுக்குக் கதவைச் சாத்தின மறுநாள், அண்ணே, நீ இருக்கிற வீடு என்னோடது, வா வந்து கையெழுத்துப் போடுன்னு வந்து நின்னா, நீ என்ன சொல்லியிருப்பே? நீயே சொல்லு."

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். வார்த்தை மாறாமல் தெரியும். மூடிக்கொண்டார்.

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், தன் வீட்டில், ஊன்றுகோல் தரையில் மெல்லத் தட்டும் சத்தமும் கேட்டது. இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று அவர் நினைத்ததில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாகத் தான் பேசியதெல்லாமும் கேட்டிருக்கும்.

"அண்ணிக்கு ராத்திரி வலி வந்தா முனகுறாங்க," என்றான் தம்பி. "மககிட்டப் போகட்டும். எப்ப வரணும், எங்க வரணும்னு சொல்லு. கையெழுத்துப் போடறேன்."

"உனக்கு என்ன வேணும்?"

கேட்கக் கூடாத கேள்வி. ஆனால் கேட்காமல் இருந்தால் அவர் பூட்டுக்காரர் இல்லை.

தம்பி அவரை நன்றாகப் பார்த்தான். "ஒண்ணு வேணும். அந்தப் பத்திரத்தை முழுசாப் படிச்சுக் கேட்டுட்டு நீ கையெழுத்துப் போடணும். ஒரு எழுத்து விடாம. நாளைக்கு, தம்பி ஏமாத்திட்டான்னு ஒருத்தன்கிட்டயும் நீ சொல்லக் கூடாது. மூணு பேரை வச்சுப் படி. முப்பது பேரை வச்சுப் படி. செலவு என்னோடது."

பூட்டுக்காரர் எழுந்தார். முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். என்ன செய்வது என்று தெரியாமல்தான் அதைச் செய்தார்.

பதிவு அலுவலகத்தில் நீள பெஞ்சுகள், மேலே சத்தம் போடும் மின்விசிறி, சுவரெல்லாம் விரல் மை துடைத்த கறை. நர்ஸ் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். பரிவர்த்தனை முடிந்ததும் அவளுடைய காரியம். மனைவியைத் தம்பி மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஓரத்தில் உட்கார வைத்தாள். இரண்டு பெண்களும் குனிந்து ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பேச்சு இல்லாத வருஷங்களில் அவர்களுக்குள் பேச்சு நிற்கவே இல்லையோ என்று பூட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை விசாரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வக்கீலம்மா பத்திரத்தைக் கொண்டுவந்தார். "ஐயா, படிச்சுக் காட்டட்டுமா? இல்லை, உங்க வழக்கப்படி மூணு பேரைப் பிடிக்கணுமா? வெளிய மரத்தடியில எழுதுறவங்க இருக்காங்க."

"அவன் படிக்கட்டும்," என்றார் பூட்டுக்காரர்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "நானா? நான்தான் எதிர்க்கட்சி."

"படி."

தம்பி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். ஒரு காது உடைந்து, வேறு கம்பி வைத்துப் பற்றவைத்தது. பற்றவைத்த இடம் தெரியவே இல்லை; நல்ல வேலை. பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்தான். அவனுக்கும் வேகமாகப் படிக்க வராது. கிழக்கே தெரு என்றான். பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். மேற்கே வாய்க்கால். வடக்கே தம்பியின் வீடு. அந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் நின்றது. பக்கத்தில் யாரோ இருமியதால் நின்றது என்றும் சொல்லலாம். தெற்கே சந்து.

"ஒரு எழுத்துக்கூட விடலையே?" என்றார் பூட்டுக்காரர்.

"பதிவாளர்னு ஒரு இடத்துல கால் விட்டுப்போய் அச்சாகியிருக்கு. அதையும் சொல்லவா?"

"சொல்லு. அதுக்குத்தான் உன்னைப் படிக்கச் சொன்னது."

அதிகாரி கூப்பிட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். யார் கட்டாயமும் இல்லாமல் சம்மதித்துத்தான் எழுதுகிறீர்களா. ஆமாம். பத்திரத்தில் உள்ளது முழுவதும் தெரியுமா. தெரியும்.

"உங்களுக்குப் படிக்க வருமா?"

"சரியா வராது."

"யார் படிச்சுக் காட்டினது?"

"என் தம்பி."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அவர்தானே எதிர்த் தரப்பு? வேற யாராவது ஒருத்தர் படிச்சுக் காட்டறது நல்லதில்லையா?"

வக்கீலம்மா பூட்டுக்காரரைப் பார்த்தார். நர்ஸ் பார்த்தாள். ஓரத்தில் அவர் மனைவி ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"போதும்," என்றார் பூட்டுக்காரர். பேனாவை வாங்கி, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார்.

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நர்ஸுக்கு எழுதவேண்டிய பத்திரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அண்ணனும் தம்பியும் படிக்கட்டு ஓரத்தில், நிழல் இருந்த ஒரு முழ இடத்தில், ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு நிழல் இல்லை.

"பெட்டியை என்ன பண்ணப் போறே?" என்றான் தம்பி.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும்னுட்டா. அதை யார் தூக்குறது? வேணும்னா நீ எடுத்துக்கோ."

"எனக்கு எதுக்கு? பூட்டி வைக்க என்ன இருக்கு என்கிட்ட?"

"பத்திரம் இருக்கே."

"அது அலமாரியில துணிக்கு அடியில கிடக்கும்." தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "ஆனா ஒண்ணு அண்ணே. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் உன் பெட்டி உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கு."



"வந்த அன்னைக்கே விக்கிறேன் பாரு," என்றார் பூட்டுக்காரர்.

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸின் பத்திரம் தயாராம். இரண்டடி நடந்தவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"நீயும் வா. அதையும் படிக்கணும்."